மூணு மாச கருத்தடை ஊசி: போடுறதுக்கு முன்னாடியும் போட்ட பிறகும்

ஒரு ஊசி போட்டா மூணு மாசம் கவலை இல்ல, தினமும் மாத்திரைய ஞாபகம் வச்சுக்க வேணாம், உள்ள எதையும் வைக்க வேணாம், வீட்டுல யாருக்கும் தெரியவும் தெரியாது. இதெல்லாம் உண்மைதான். ஆனா முதல் ஊசிய போட்டுட்டு ரெண்டாவதுக்கு வராமலே நின்னுடுறவங்க நிறைய பேரு, காரணம் பெரும்பாலும் ஒண்ணுதான், பீரியட்ஸ் தாறுமாறா ஆகும்னு அவங்ககிட்ட யாரும் உக்கார வச்சு சொல்லல. அதனால இதுல மத்தத சீக்கிரமா சொல்லிட்டு அந்த விஷயத்த மட்டும் கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

மருந்தோட முழுப்பேரு டெப்போ மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் அசிடேட், சுருக்கமா டிஎம்பிஏ. கவர்மென்ட் ஆஸ்பத்திரில அந்தரா ஊசின்னு சொல்லுவாங்க, பிரைவேட்ல டெப்போ-புரோவேரான்னு சீட்டுல எழுதிக் குடுப்பாங்க, ரெண்டும் ஒரே மருந்துதான், 150 மில்லிகிராம், 1 மில்லி. சின்ன பாட்டில், உள்ள மருந்து வெள்ளையா அடியில படிஞ்சு கிடக்கும், நர்ஸ் அதை நல்லா குலுக்கி பால் மாதிரி கலங்கின பிறகுதான் சிரிஞ்சுல ஏத்தணும். குலுக்காம ஏத்தினா மருந்து பாட்டில்லயே தங்கிடும், உங்களுக்கு டோஸ் குறைஞ்சிடும். பக்கத்துல இருந்து பார்த்துட்டு "சிஸ்டர், கொஞ்சம் நல்லா குலுக்கிடுங்க"ன்னு கேக்கிறதுல தப்பே இல்ல.

இது எப்படி வேலை செய்யுதுன்னா, நம்ம உடம்புல மாதவிடாய் சுழற்சியோட ரெண்டாவது பாதில சுரக்கிற புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் இருக்குல்ல, அது மாதிரியே லேப்ல செஞ்ச மருந்து இது. தசைக்குள்ள போனதும் அங்கயே தங்கி கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல கசியும். மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பிதான் மாசாமாசம் கருமுட்டைய வெளிய விட சொல்லி சினைப்பைக்கு ஆர்டர் போடுறது, இந்த மருந்து ரத்தத்துல இருக்கிற வரைக்கும் அந்த ஆர்டர் போகாது, முட்டை வெளிய வராது. கூடவே கர்ப்பப்பை வாயில இருக்கிற சளி கெட்டியாகி விந்தணு உள்ள ஏற விடாது, கர்ப்பப்பை உள் சவ்வும் மெல்லிசாகிடும். அந்த சவ்வு சமாச்சாரத்த மட்டும் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

எவ்ளோ நம்பலாம்? தேதி தவறாம போட்டா ஒரு வருஷத்துல 1000 பேருக்கு 2 பேரு கர்ப்பமாகலாம், அவ்ளோதான். நிஜத்துல நாம ஊருக்கு போயிடுவோம், மறந்துடுவோம், ஆஸ்பத்திரில ஸ்டாக் இல்லம்பாங்க, அதெல்லாம் சேர்த்து பார்த்தா 100க்கு 4 பேரு. அதே கணக்குல தினமும் போடுற மாத்திரைக்கு 100க்கு 7, காண்டம் மட்டும்னா 13, காப்பர்-டிக்கு 1க்கும் குறைவு. ஒரு விஷயம், பால்வினை நோய், எச்ஐவி இதுக்கெல்லாம் ஊசி துளி கூட பாதுகாப்பு இல்ல, அந்த பயம் இருந்தா காண்டமும் சேர்த்துதான் ஆகணும்.

செலவு. ஆரம்ப சுகாதார நிலையம் (பிஎச்சி), ஜிஎச், மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, எங்க போனாலும் இலவசம், 2017ல மத்திய அரசு அந்தரா திட்டத்த ஆரம்பிச்சதுல இருந்து. ஆனா எல்லா பிஎச்சியிலயும் எல்லா நாளும் கையிருப்பு இருக்கும்னு நினைச்சு போயிடாதீங்க, ஏரியா கிராம சுகாதார நர்ஸ்கிட்ட (விஎச்என்) முன்னாடியே கேட்டுட்டு போங்க, அவங்க நம்பர் இல்லன்னா 104 ஹெல்ப்லைனுக்கு போன் போட்டு விசாரிக்கலாம். பிரைவேட்ல மருந்து சில நூறு ரூபாய், அதுக்கு மேல டாக்டர் ஃபீஸும் ஊசி போடுற காசும், இது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி எகிறும். வருஷத்துக்கு நாலு தடவைன்னு கணக்கு போட்டு பாருங்க. இதுல யாரும் கணக்குல சேர்க்காத செலவு ஒண்ணு இருக்கு, முதல் ஆறு மாசத்துக்கு நாப்கின் செலவு. கூலி வேலைக்கு போறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் அரை நாள் சம்பளமும் போகும், இலவசம்னு சொல்றப்ப அதையும் சேர்த்துதான் பார்க்கணும். இலங்கைல இருக்கிறவங்களுக்கும் அரசாங்க கிளினிக்ல இலவசம்தான், அங்க டெப்போன்னு கேட்டாலே புரியும்.

யாரு போடலாம்? கல்யாணமாகி குழந்தை இல்லாதவங்க, ஒரு குழந்தை இருக்கிறவங்க, பால் குடுக்கிறவங்க, ஈஸ்ட்ரோஜன் இருக்கிற மாத்திரை ஒத்துக்காதவங்க எல்லாரும் போடலாம். டிபிக்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுறவங்க, வலிப்புக்கு மாத்திரை எடுக்கிறவங்க, இவங்களுக்கு கருத்தடை மாத்திரை சரியா வேலை செய்யாம போகலாம், ஊசிக்கு அந்த பிரச்சனை கிடையாது, இத நிறைய பேருக்கு யாரும் சொல்றதே இல்ல.

போடக்கூடாதவங்க: கர்ப்பமா இருக்கிறவங்க, மார்பக புற்றுநோய் இருக்கிறவங்க, ஏற்கனவே இருந்து குணமானவங்களும்தான். காரணம் தெரியாம ரத்தப்போக்கு இருந்தா முதல்ல அது என்னன்னு கண்டுபிடிக்கணும், ஊசி போட்டுட்டா அந்த அறிகுறியே குழம்பிடும். ஹார்ட் அட்டாக், பக்கவாதம் வந்தவங்க, பிபி 160/100க்கு மேல இருக்கிறவங்க, கல்லீரல் ரொம்ப கெட்டுப்போனவங்க, சுகர் ரொம்ப வருஷமா இருந்து கண்ணு கிட்னின்னு பாதிச்சவங்க, இவங்களுக்கும் வேணாம். சும்மா சுகர் மட்டும் கன்ட்ரோல்ல இருந்தா டாக்டர் பார்த்து சொல்லுவாரு. 18 வயசுக்கு கீழயும் 45க்கு மேலயும் எலும்பு விஷயத்துக்காக டாக்டர்கிட்ட பேசிட்டு முடிவு பண்ணுங்க. அப்புறம் இந்த ஊசிக்கு உள்ள கை விட்டு செக் பண்ணணும்ங்கிற கட்டாயம் எதுவும் இல்ல, அதுக்கு பயந்தே நிறைய பேரு போகாம இருக்காங்க. பிபி பார்ப்பாங்க, கேள்வி கேப்பாங்க, அவ்ளோதான். புருஷன் கையெழுத்தும் தேவையில்ல, யாராவது கேட்டா எதுக்குன்னு திருப்பி கேளுங்க.

எப்ப ஆரம்பிக்கலாம்னா, பீரியட்ஸ் ஆரம்பிச்ச நாள்ல இருந்து 7 நாளைக்குள்ள போட்டா உடனே பாதுகாப்பு. மத்த நாள்லயும் போடலாம், கர்ப்பம் இல்லன்னு உறுதி பண்ணிட்டு, ஆனா அடுத்த 7 நாளைக்கு காண்டம் வேணும். பிரசவம் ஆகி தாய்ப்பால் குடுக்கிறவங்க ஆறு வாரம் முடிஞ்சு போடணும், பால் குறையாது, குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. பால் குடுக்கலன்னா பிரசவமான உடனேயே போடலாம். அபார்ஷன் ஆனவங்களும் அப்படித்தான், அன்னைக்கே கூட போட்டுக்கலாம்.

ஊசி கைல தோள்பட்டைக்கு கீழயோ இடுப்புலயோ போடுவாங்க. வலி சாதாரண ஊசி மாதிரிதான். போட்ட இடத்த மட்டும் தேய்க்கக்கூடாது, ஒத்தடமும் குடுக்கக்கூடாது. நம்ம பழக்கம் ஊசி போட்டதும் பஞ்ச வச்சு தேய்ச்சு விடுறது, வீட்டுக்கு வந்தா மாமியாரோ அம்மாவோ வெந்நீர் ஒத்தடம் குடுன்னு சொல்லுவாங்க, ரெண்டும் வேணாம், மருந்து வேகமா கரைஞ்சு மூணு மாசம் தாங்காம போயிடலாம். அப்புறம் ஒரு அட்டை குடுப்பாங்க, போட்ட தேதியும் அடுத்த தேதியும் அதுல இருக்கும், அதை போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கோங்க.

தோலுக்கு அடியில போடுற இன்னொரு வகையும் இருக்கு, 104 மில்லிகிராம், ஊசி சின்னது, பல நாடுகள்ல பெண்களே வீட்டுல போட்டுக்கிறாங்க, இந்தியாவுலயும் சில மாநிலங்கள்ல கொண்டு வர ஆரம்பிச்சிருக்காங்க.

இப்ப ரத்தப்போக்கு விஷயத்துக்கு வரேன்.

முதல் மூணு மாசம், சிலருக்கு ஆறு மாசம் வரைக்கும் பீரியட்ஸ் எப்ப வரும் எப்ப போகும்னே சொல்ல முடியாது. திட்டு திட்டா படும், ரெண்டு நாள் நிக்கும், திரும்ப பத்து நாள் லேசா கசியும், பிரவுன் கலர்ல வரும். காரணம் மேல சொன்ன அந்த சவ்வுதான், வழக்கமா மாசாமாசம் தடிச்சு ஒரே தடவையா உதிரும், இப்ப அது மெலிஞ்சு போய் ஹார்மோன் ஏத்த இறக்கமும் இல்லாததால அங்கங்க கொஞ்சம் கொஞ்சமா உதிருது. உடம்புக்கு இதனால ஆபத்து இல்ல, ஆனா வாழ்க்கைக்கு தொல்லைதான், அத மறைச்சு பேச கூடாது. வீட்டுல தூரம் பார்க்கிறவங்க இருந்தா இன்னும் கஷ்டம், சமையலறைக்கு போலாமா, சாமி ரூமுக்கு போலாமா, கோவில்ல காப்பு கட்டியிருக்கே இப்ப என்ன பண்றதுன்னு இருபது நாள் தீட்டு கணக்கு ஓடும். வீட்டுல யாருக்கும் தெரியாம போட்டுக்கலாம்னு நினைக்கிறவங்க முதல்ல யோசிக்க வேண்டியது இதத்தான், ஊசி தெரியாது, பீரியட்ஸ் மாறினது தெரியும்.

கொஞ்சம் படுறது பிரச்சனை இல்ல. ஆனா எட்டு நாளுக்கு மேல ஒரேயடியா போகுது, இல்ல வழக்கத்தவிட ரெண்டு மடங்கு போகுதுன்னா ஆஸ்பத்திரிக்கு போங்க, மணிக்கு ஒரு நாப்கின் நனையுதுன்னா அன்னைக்கே போங்க. மெஃபெனாமிக் ஆசிடோ டிரானெக்சாமிக் ஆசிடோ அஞ்சு நாளைக்கு குடுப்பாங்க, பெரும்பாலும் நின்னுடும். மெடிக்கல் ஷாப்ல "ரத்தம் நிக்கிற மாத்திரை"ன்னு கேட்டு நீங்களா வாங்கி போடாதீங்க, சில பேருக்கு அந்த மாத்திரை ஆகாது.

இதுக்கு அடுத்த கட்டம் நேர் எதிர். ஊசி தொடர்ந்து போட போட பீரியட்ஸ் குறைஞ்சு ஒரு வருஷத்துல கிட்டத்தட்ட பாதி பேருக்கு சுத்தமா நின்னுடும். உடனே அடுத்த பயம், "கெட்ட ரத்தம் எல்லாம் உள்ளயே தங்கிடுமே, கட்டி வருமே, வயிறு வீங்குமே." தங்குறதுக்கு உள்ள ரத்தமே இல்ல. சவ்வு வளர்ந்தாதான் உதிரும், வளரவே இல்லன்னா எது தங்கும்? பால் குடுக்கிறப்ப சில பேருக்கு மாசக்கணக்குல வராம இருக்குல்ல, கிட்டத்தட்ட அதே சங்கதி. சொல்லப்போனா ஹீமோகுளோபின் 8, 9னு இருக்கிறவங்களுக்கு ரத்தம் வீணா போகாம மிச்சமாகிறது நல்லதுதான், நம்ம ஊர்ல ரத்தசோகை இல்லாத பொண்ண தேடணும். பீரியட்ஸ் வரலன்னதும் கர்ப்பமோன்னு மனசு அடிச்சுக்கும், அப்ப ஒரு கார்டு டெஸ்ட் பண்ணி பார்த்துட்டு நிம்மதியா இருங்க, பிஎச்சியில காசு வாங்காம பண்ணிக் குடுப்பாங்க.

எடை ஏறுமா? ஏறும், எல்லாருக்கும் இல்ல. அமெரிக்கால மருந்தோட லேபிள்லயே முதல் வருஷம் சராசரியா 2.5 கிலோ கிட்ட ஏறினதா போட்டிருக்கு, சராசரின்னா சிலருக்கு ஏறவே இல்ல, சிலருக்கு அஞ்சாறு கிலோ. பசி கொஞ்சம் கூடுதலா எடுக்கும். இதுக்கு ஒரு நல்ல கணக்கு இருக்கு, போடுற அன்னைக்கு எடை பார்த்து வச்சுக்கோங்க, ஆறு மாசத்துல 5 சதவீதத்துக்கு மேல ஏறிருந்தா, அதாவது 60 கிலோ இருந்தவங்க 63ஐ தாண்டிட்டா, உங்க உடம்புக்கு இது மேல மேல ஏத்தும், வேற முறைக்கு மாறிடுறது புத்திசாலித்தனம். தலைவலி, மார்பு கனம், தலைசுத்தல், எரிச்சல், மனசு சோர்வு, ஆசை குறையுறது, இதெல்லாமும் சிலருக்கு வருது. ஏற்கனவே டிப்ரெஷனுக்கு மருந்து எடுக்கிறவங்க டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, ஏன்னா மாத்திரைன்னா நாளைக்கே நிறுத்திடலாம், இந்த ஊசிய உள்ள போனதுக்கு அப்புறம் வெளிய எடுக்க முடியாது, மூணு மாசம் சகிச்சுத்தான் ஆகணும். எனக்கு இந்த ஊசியில பிடிக்காத ஒரே விஷயம் இதுதான்.

எலும்பு விஷயம் நிஜம். ஈஸ்ட்ரோஜன் குறையுறதால எலும்போட அடர்த்தி குறையுது, தொடர்ந்து 5 வருஷம் போட்டவங்களுக்கு 5, 6 சதவீதம் வரை குறைஞ்சது. 2004ல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ இதுக்காக லேபிள்ல கட்டம் கட்டி எச்சரிக்கை போட வச்சு, ரெண்டு வருஷத்துக்கு மேல வேற வழி இல்லன்னாதான் போடணும்னு சொல்லிடுச்சு. உலக சுகாதார நிறுவனம் அந்த அளவுக்கு போகல, 18ல இருந்து 45 வயசு வரைக்கும் தடை இல்லங்குது, ஏன்னா நிறுத்தினா பெரும்பாலும் அடர்த்தி திரும்ப ஏறிடுது. ராகி, பால், கீரை, கொஞ்சம் வெயில், கொஞ்சம் நடை, இத ஊசி போடாதவங்களும் செய்யணும்.

புற்றுநோய் பயத்துக்கும் பதில் சொல்லிடுறேன். கர்ப்பப்பை சவ்வுல வர்ற புற்றுநோய இது குறைக்குது. மார்பக புற்றுநோய் வாய்ப்பு போடுற காலத்துல லேசா கூடுறதா சில ஆய்வுகள் சொல்லுது, நிறுத்தினா அந்த வித்தியாசம் மெல்ல மறையுது. 2024ல பிரான்ஸ்ல செஞ்ச ஒரு பெரிய ஆய்வுல, ஒரு வருஷத்துக்கு மேல இந்த ஊசி போட்டவங்களுக்கு மெனிஞ்சியோமாங்கிற மூளை உறை கட்டி வர்ற வாய்ப்பு 5 மடங்குக்கு மேல இருந்துச்சு. கேக்க பயமா இருக்கும், ஆனா அது ரொம்ப அபூர்வமா வர்ற கட்டி, பெரும்பாலும் புற்றுநோய் வகையும் இல்ல, அபூர்வம் அஞ்சு மடங்கானாலும் அபூர்வம்தான். விடாத தலைவலி, பார்வை மங்குறது, காது கேக்காம போறதுன்னு வந்தா மட்டும் ஊசிதானேன்னு விடாம டாக்டர பாருங்க.

இந்த ஊசி மேல சந்தேகம் இவ்ளோ இருக்கிறதுக்கு காரணமும் இருக்கு, எல்லாத்தையும் வதந்தின்னு தள்ளிட முடியாது. 1978ல அமெரிக்காவே இதுக்கு அனுமதி மறுத்துச்சு, 1992லதான் குடுத்துச்சு. இந்தியால 1993ல விற்பனைக்கு அனுமதி கிடைச்சப்ப, சரியா விளக்கம் சொல்லாம ஏழை பெண்கள் மேல திணிப்பாங்கன்னு பெண்கள் அமைப்புகள் கடுமையா எதிர்த்தாங்க, கோர்ட்டு வரைக்கும் போனாங்க. அதனாலதான் தனியார்ல கிடைச்சும் அரசு திட்டத்துல வர 2017 ஆச்சு. அவங்க அன்னைக்கு கேட்டது நியாயமான கேள்வி, பக்க விளைவ சொல்லிட்டுத்தான் போடுறீங்களான்னு. இன்னைக்கும் நீங்க அதே கேள்விய கேக்கலாம்.

தேதி தவறினா என்ன பண்ணணும்? உதாரணத்துக்கு ஜனவரி 10 போட்டீங்கன்னா அடுத்தது ஏப்ரல் 10. ரெண்டு வாரம் முன்னாடி, அதாவது மார்ச் 27ல இருந்தே போட்டுக்கலாம், ஊருக்கு போறவங்களுக்கு இது வசதி. லேட்டானா நாலு வாரம் வரைக்கும், மே 8 வரைக்கும் டெஸ்ட் எதுவும் இல்லாம போட்டுக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ஆனா அத சலுகையா நினைச்சு ஒவ்வொரு தடவையும் இழுக்காதீங்க. அதையும் தாண்டிட்டா கர்ப்பம் இல்லன்னு பார்த்துட்டு போட்டு, 7 நாள் காண்டம். தாண்டின பிறகு கடந்த அஞ்சு நாளுக்குள்ள பாதுகாப்பு இல்லாம சேர்ந்திருந்தா அவசர மாத்திரை பத்தியும் அன்னைக்கே கேளுங்க.

கடைசியா, நிறுத்தினா எப்ப குழந்தை நிக்கும்ங்கிறது. மலடாக்காது, இத எத்தனை தடவ சொன்னாலும் சந்தேகம் போகாது, ஆனா உண்மை. ஆனா லேட்டாகும். கடைசி ஊசி போட்ட நாள்ல இருந்து சராசரியா 9, 10 மாசம், சிலருக்கு ஒன்றரை வருஷம் கூட ஆகுது, எத்தனை வருஷம் போட்டீங்கங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அதனால முதல் குழந்தைக்கும் அடுத்ததுக்கும் மூணு வருஷம் இடைவெளி வேணும்னு நினைக்கிறவங்களுக்கு இது பொருந்தும், அடுத்த வருஷமே குழந்தை வேணும்ங்கிறவங்களுக்கும், ஏற்கனவே 35ஐ தாண்டி இன்னொரு குழந்தைக்கு பிளான் இருக்கிறவங்களுக்கும் நான் இத சொல்லவே மாட்டேன், காப்பர்-டி போட்டுட்டு வேணும்ங்கிறப்ப எடுத்துக்கலாம். இன்னொரு பக்கம், லேட்டாத்தானே ஆகும்னு நம்பி ஊசிய நிறுத்திட்டு சும்மா இருந்து மாட்டிக்கிறவங்களும் உண்டு, சிலருக்கு நாலாவது மாசமே முட்டை வெளிய வந்துடும், அதுக்கு முன்னாடி பீரியட்ஸ் வந்திருக்கணும்னு கூட இல்ல. குழந்தை வேணாம்னா அடுத்த ஊசிக்கு அட்டைல குறிச்சிருக்கிற தேதிக்குள்ளயே வேற முறைய ஆரம்பிச்சிடுங்க.